பத்தாவது ஆள்

சிவலோகம், வைகுண்டம், பரலோகம் ஆகிய மூன்றும் ஒரே மரத்தட்டில், சணல் நூலால் கட்டப்பட்டு, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்ததைக் கண்டவர் உண்டா? நான் கண்டிருக்கிறேன். கேலிக்காகக் கூறவில்லை. திருச்சித் தெப்பக்குளத்துக்குப் பின்புறம், ஒரு சந்தில் இருந்த சிறிய அச்சகத்தில் என் தந்தையார் அச்சுக்கோத்து வந்தார். அவருடைய மேடைக்கு அருகில் இருந்தது அந்தத் தட்டு. "சிவலோக பதவி அடைந்தார்" என்றொரு கட்டு. "வைகுண்ட பதவி அடைந்தார்" என்றொரு கட்டு. "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்றொரு கட்டு. எல்லாம் ஈய எழுத்துகள்!

கருமாதிப் பத்திரிகை அடிக்க வருவோர் அவசரத்தோடு வருவர். வந்தவரின் நெற்றியையும் கழுத்தையும் அப்பா ஒருமுறை நோக்குவார். உரிய மோட்சத்தை எடுத்துப் பொருத்துவார். பெயரும் நாளும் ஊரும் மட்டுமே புதிதாகக் கோக்க வேண்டியவை. சாதிப் பட்டத்துக்குப் பெரிய எழுத்து, பெயருக்கு அதைவிடச் சற்றே சிறிய எழுத்து! அரைமணி நேரத்தில் அச்சுக்கு அணியமாகிவிடும் ஒரு மனிதனின் வாழ்வு.

பள்ளி விடுமுறை நாளொன்றில், அவருக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். அந்தத் தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"எத்தனையோ பேருக்குச் சாவுச் சீட்டுக் கோத்துட்டேன்டா. போய்ச் சேர்ந்த இடத்தை எழுதித் தர்றாங்க. பேரன் பேத்தி பேரு வரைக்கும் எழுதித் தர்றாங்க. இருந்தப்போ அந்த ஆளு என்ன வேலை செஞ்சாருன்னு ஒருத்தரும் எழுதித் தர்றதில்லை."

எனக்கு அப்போது வயது பதினாறு. அதை ஒரு வேடிக்கைப் பேச்சாகவே கேட்டுக்கொண்டேன். அந்தப் பேச்சு என்னைத் தேடிவர இருபது ஆண்டுகள் ஆயின.

* * *

என் தந்தையார் 1926ஆம் ஆண்டு பிறந்தவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளி அவரைக் கைவிட்டது. பள்ளியை அவர் கைவிடவில்லை. பதினான்காம் வயதில், 1940இல், மை துடைக்கும் பையனாக அச்சகத்துக்குள் நுழைந்தார். துடைத்துத் துடைத்தே எழுத்துகளைக் கற்றார். பின்னர் ஒரு மூத்த தொழிலாளி அவர் இடக்கையில் 'ஸ்டிக்'கைக் கொடுத்து, எழுத்துப் பெட்டியின் முன் நிறுத்தினார். நின்றார், நின்றார், 46 ஆண்டுகள் நின்றார்! அச்சுக்கோப்பவனுக்கு உட்காரும் வழக்கம் கிடையாது.

அச்சுக்கோத்தல் என்றால் என்ன என்பதை இன்றைய இளைஞர்க்கு விளக்கியாக வேண்டும். தமிழில் எழுத்து 247 என்று இலக்கணம் கூறும். பெட்டியிலோ கணக்கு வேறு. துணைக்கால் தனி, கொம்பு தனி. ஆனால் உகர ஊகாரங்கள் மட்டும் மெய்யோடு ஒட்டிப் பிறந்தவை. அவற்றுக்கே 36 அச்சுகள் வேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் அறை. கண் எழுதிக்கொடுத்த தாளின்மேல் இருக்கும். வலக்கை தானே அறைக்குப் போய், எழுத்தைப் பொறுக்கி, இடக்கையில் உள்ள ஸ்டிக்கில் நிறுத்தும். எழுத்துகள் தலைகீழாய் நிற்கும். வரி மட்டும் இடமிருந்து வலமாக வளரும். உலகத்தைத் தலைகீழாகப் பார்த்துச் சரியாகப் படிக்கத் தெரிந்தவர் என் தந்தையார்!

அச்சாகி முடிந்ததும் என்ன நடக்கும்? கோத்தது அத்தனையும் பிரிக்கப்படும். மாலைவரை கோத்த பக்கத்தை, மறுநாள் காலையில் ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்து, அதனதன் அறையில் போட வேண்டும். எழுதியவர் பெயர் நூலின் முகப்பில் நிற்கும். அச்சிட்டவர் பெயர் அடியில் நிற்கும். கோத்தவன் உழைப்பு, கோத்த மறுநாளே கலைந்துவிடும். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சேறியது முதல், கணினி வந்து ஈயத்தை விரட்டும்வரை, ஏறத்தாழ நானூறு ஆண்டுக் காலம் தமிழை இப்படிக் கோத்துக் கோத்துக் கலைத்த கைகள் எத்தனை! பக்தி நூலும் பகுத்தறிவு ஏடும், பாடநூலும் பஞ்சாங்கமும், அந்தக் கைகளின் வழியாகத்தானே வந்தன!

எங்கள் வீட்டில் நூலகம் இல்லை, கழிவுத்தாள் இருந்தது. பிழை திருத்தி முடிந்த மெய்ப்புத் தாள்களைச் சனிக்கிழமைதோறும் சுருட்டிக்கொண்டு வருவார். முதற்பக்கம் இல்லாத கதை, முடிவு இல்லாத கட்டுரை, யாருடையதோ திருமண அழைப்பு. இவைதாம் எங்கள் நால்வருக்கும் அரிச்சுவடி. பிழை எங்கே என்று முதலில் கண்டுபிடிப்பவருக்கு ஒரு கடலை மிட்டாய்! அடித்துப் படிக்கவைத்தவர் அல்லர். பிழை தேடவைத்துப் படிக்கவைத்தார்.

என் மூத்த தங்கை வயதுக்கு வந்ததும், "பொம்பளைப் புள்ளைக்குப் போதும் படிப்பு" என்று தீர்ப்பளித்தார் பெரியப்பா. அண்ணன் சொல்லை அப்பா எதிர்த்துப் பேசியதில்லை, அன்றும் பேசவில்லை. "பதினொண்ணாம் வகுப்பு முடிக்கட்டும்ண்ணே" என்றார், அவ்வளவுதான். மறுநாள் முதல் இரவு வேலையும் ஏற்றுக்கொண்டார். உறையூருக்கும் தெப்பக்குளத்துக்கும் இடையே, நள்ளிரவில் நடந்து வரும் அவர் செருப்போசை கேட்டால்தான் அம்மா விளக்கைத் தணிப்பார். தங்கை பின்னாளில் செவிலியானாள். பெண்கல்வி குறித்து மேடையில் நான் ஆயிரம் பேசியிருப்பேன். அதற்காக நடந்தவர் அவர்!

* * *

வீடு திரும்பியதும் அவர் எங்களைத் தொடமாட்டார். ஓடிவரும் கைக்குழந்தையைக்கூட "இரு, இரு" என்று விலக்கிவிட்டுக் கொல்லைப்புறம் போவார். மண்ணெண்ணெயால் மை போகத் துடைத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவி, புளியைத் தேய்த்து மறுபடியும் கழுவி, நகக்கண்களை ஈர்க்குச்சியால் சுரண்டியபின்தான் குழந்தையைத் தூக்குவார். தம் சட்டையைத் தாமே துவைப்பார், அம்மாவிடம் தரமாட்டார். சிறுவனாக இருந்தபோது இதனை ஏதோ ஆசாரம் என்றே எண்ணியிருந்தேன்.

ஆசாரம் அன்று, அறிவு! அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மூத்தவருக்கு, இறுதிக் காலத்தில் மணிக்கட்டு தொங்கிப் போயிற்று, கை நிமிரவில்லை. "ஈயம்டா. வாய் வழியாப் போகுது. கையைக் கழுவாமச் சோத்தைத் தொடாதே" என்று அவர் சொல்லிவிட்டுப் போனது அப்பாவுக்கு வேதமாயிற்று. அச்செழுத்து ஈயமும் ஆண்டிமனியும் வெள்ளீயமும் கலந்து வார்க்கப்படுவது, பெரும்பங்கு ஈயம். அதன் தூசி விரலில் ஒட்டும், உணவில் சேரும், எலும்பில் தங்கும். குருதியைக் குறைக்கும், நரம்பைத் தளர்த்தும், சிறுநீரகத்தைச் சிதைக்கும். குழந்தைகளை இன்னும் கடுமையாகத் தாக்கும். நாள்தோறும் ஒரு வாழைப்பழம் தின்றால் ஈயம் ஒட்டாது என்ற நம்பிக்கை அந்த அச்சகத்தில் இருந்தது. வாழைப்பழம் பசியை ஆற்றும், ஈயத்தை அகற்றாது. அப்பா பழத்தையும் தின்றார், கையையும் கழுவினார். அவர் நெற்றியில் திருநீறு இருந்தது. விரலிலோ ஆய்வாளனின் எச்சரிக்கை இருந்தது.

காற்றுப் போக்கி ஒன்று வைத்திருக்கலாம், கழுவுவதற்கு ஒழுங்கான இடமேனும் தந்திருக்கலாம், எதுவும் இல்லை. ஏன் இல்லை? 'விதி' என்று அங்கிருந்தோர் கூறினர். விதிதான், ஆனால் வேறு விதி! 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், மின்னாற்றல் கொண்டு இயங்கும் இடமாயின் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்தால்தான் அதைத் தொழிற்சாலை என்று ஏற்றது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பும், மிகுநேர வேலைக்கு இரட்டைக் கூலி என்ற உரிமையும் அந்தக் கதவுக்கு உள்ளே இருந்தவர்க்கே. எங்கள் முதலாளி நல்லவர், திருவிழாவுக்கு நன்கொடை தருபவர், கணக்கும் தெரிந்தவர். அவர் அச்சகத்தில் எப்போதும் ஒன்பது பேர் இருந்தனர். பத்தாவது ஆளை அவர் ஒருநாளும் அமர்த்தியதில்லை!

ஆனால் பத்தாவது ஆள் இருந்தார். எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்தார்.

அச்சான தாள்கள் மூட்டையாக வீட்டுக்கு வரும். ஒரு தாளை மூன்று முறை மடித்தால் 16 பக்கம். அதுவே ஒரு பாரம். மூங்கில் பட்டையால் மடிப்பைத் தேய்த்து, பக்க எண் மாறாமல் அடுக்க வேண்டும். நூறு பாரத்துக்கு இவ்வளவு என்று கூலி. அம்மா, உலை கொதிக்கும் இடைவெளியிலும் தங்கையைத் தொட்டிலில் ஆட்டும் இடைவெளியிலும் மடிப்பார். பள்ளிக்கூடம் அறியாதவர், பக்க எண்களை வைத்தே எண்ணும், எண்ணுக்கு மேலிருந்த வரிகளை வைத்தே எழுத்தும் கற்றுக்கொண்டார். அவர் வலக்கைக் கட்டைவிரலின் நகம் ஒருபுறமாகத் தேய்ந்தே இருந்தது.

சனிக்கிழமை இரவு, விளக்கடியில் அப்பா கூலியை எண்ணுவார். இரண்டு குவியலாக எண்ணுவார். "இது என்னோடது. இது உங்க அம்மாவோடது" என்று, அம்மாவின் குவியலை முதலில் அவர் கையில் வைப்பார். செலவு ஒன்றுதான், அடுப்பு ஒன்றுதான்; எனினும் எண்ணும்போது கலக்கமாட்டார். சட்டத்தின் ஏடு எண்ணாத ஆளை, வாரந்தோறும் எண்ணியவர் அவர்.

* * *

1978ஆம் ஆண்டில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கிற்று. 1935ஆம் ஆண்டிலேயே பெரியார் தம் 'குடிஅரசு' ஏட்டில் கையாளத் தொடங்கியது அது. சுழித்து நின்ற ணா, றா, னா, தும்பிக்கை தூக்கி நின்ற ணை, லை, ளை, னை ஆகியவையும், அவற்றை ஒட்டிய ஒகர ஓகார வடிவங்களுமாக 13 எழுத்துகள் நேராக்கப்பட்டன. அப்போது எனக்கு வயது 26; ஆசிரியர் வேலைக்கு வந்திருந்தேன். முப்பத்தெட்டு ஆண்டுகள் பழகிய கைக்கு இது பெருந்தொல்லை ஆயிற்றே, அப்பா புலம்புவார் என்று எண்ணி ஆறுதல் கூறப் போனேன்.

அவர் பழைய எழுத்துகளை அறையிலிருந்து அள்ளி ஒரு தகர டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். "காலும் கொம்பும் இருக்கையில இதுக்குன்னு தனி எழுத்து எதுக்கு? இத்தனை வருசம் சும்மா சுமந்திருக்கோம்" என்றார்.

"கை தடுமாறாதாப்பா?"

"ஒரு மாசம் தடுமாறும். பழகிட்டோம்ங்கிறதுக்காக ஒண்ணு சரின்னு ஆயிடுமா?"

ஏடு பல படித்து, மேடை பல ஏறி நான் கூற முயன்றதை, தகர டப்பாவின் முன் குந்தியிருந்த ஒரு தொழிலாளி கூறிவிட்டார்! உள்ளபடியே ஒருமாத காலம் அவர் விரல் காலி அறைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது, அதன்பின் போகவில்லை.

* * *

1986இல் அவரால் நிற்க முடியவில்லை. வயிற்றில் ஓயாத வலி, முகம் வெளுத்தது, கால் வீங்கிற்று. பெரியப்பா முதலில் அழைத்துப்போனது சோதிடரிடம். "என்ன நட்சத்திரம்? பிறந்த நேரம் எது?" என்று கேட்டார் சோதிடர். ஏழரை நாட்டுச் சனி என்றார், பரிகாரம் என்றார், பணம் பெற்றுக்கொண்டார். பின்னர் நான் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். கண்ணிமையை விலக்கிப் பார்த்த மருத்துவர் கேட்ட முதற் கேள்வி:

"என்ன வேலை பார்த்தீங்க? எத்தனை வருசம்?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு சிரிப்பு இருந்தது. ஒருவழியாக அந்தக் கேள்வியை ஒருவர் கேட்டுவிட்டார்!

சிறுநீரகம் கெட்டிருந்தது. ஈயம்தான் காரணம் என்று அறுதியிட்டுக் கூற இப்போது வழியில்லை, ஆனால் ஒதுக்கிவிடவும் முடியாது என்றார் மருத்துவர். நேர்மையான விடை. இரண்டு ஆண்டுகள் போராடினோம். 1988ஆம் ஆண்டு ஐப்பசி மழையில், தம் 62ஆம் வயதில், அப்பா கண்ணை மூடினார்.

பிணம் எடுத்த மறுநாள், பத்திரிகை அடிக்கும் பேச்சு வந்தது. பெரியப்பா எழுதியே வைத்திருந்தார்: பட்டம், பெயர், 'சிவலோக பதவி', பதினாறாம் நாள் சடங்கு. நான் மறுத்தேன். வீடு கொந்தளித்தது.

"உன் கொள்கையை உன்னோட வச்சுக்கடா. அவன் நெத்தியில திருநீறு இல்லாம ஒருநாள் வெளியே போனவனில்லை. செத்தவன் மேல உன் கட்சியை ஏத்தாதே!" என்றார் பெரியப்பா.

தோழர்களே, அந்தக் கேள்வி என் நெஞ்சைத் தைத்தது. அதில் நியாயம் இருந்தது. தந்தை நம்பியதை மகன் அழிப்பது பகுத்தறிவா, பிடிவாதமா? விடை தெரியாமல் நின்றேன். அப்போதுதான் அந்த மரத்தட்டும், இருபது ஆண்டுக்கு முந்தைய பேச்சும் நினைவுக்கு வந்தன. அப்பா சொன்னதை, சொன்னபடியே கூடத்தில் கூறினேன். ஒருவரும் பேசவில்லை. மூலையில் அமர்ந்திருந்த அம்மா மெல்லச் சொன்னார்:

"உங்க தம்பி செவலோகம் போனாரா இல்லையா, எனக்குத் தெரியாதுங்க. நாப்பத்தாறு வருசம் வேலைக்குப் போனாரு. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சதைப் போடட்டும்."

வழக்கு முடிந்தது. பெரியப்பா காவிரிக் கரையில் தம் மனநிறைவுக்காக ஏதோ செய்துகொண்டார், நான் தடுக்கவில்லை. அதன்பொருட்டுக் கடன் வாங்க மட்டும் விடவில்லை.

அப்பாவிடம் தொழில் பழகிய ஒருவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே கோத்தார். நான் எழுதிக்கொடுத்தது இது: "46 ஆண்டுகள் அச்சுக்கோத்தவர். நான்கு மக்களைப் படிக்கவைத்தவர். எவரிடமும் கடன் வைக்காதவர். 62ஆம் வயதில் மறைந்தார். நினைவுகூர வருக." பட்டம் இல்லை, பதவி இல்லை, மோட்சம் இல்லை. மெய்ப்பைப் படித்தேன், ஒரு புள்ளி பிழையில்லை. டிரெடில் ஓடத் தொடங்கியது. ஈரம் காயாத முதல் அட்டையை வீட்டுக்கு எடுத்து ஓடி, பெருமையோடு அம்மாவின் கையில் கொடுத்தேன்.

அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். இருமுறை படித்தார். பிறகு கேட்டார்:

"பாரம் மடிச்சது யாருப்பா?"

நான் வாயடைத்து நின்றேன்.

"எம்பேரு போடணும்னு ஆசைப்பட்டுக் கேக்கலை. அவரு கோத்திருந்தா விட்டிருக்கமாட்டாரு. அதான்" என்றார்.

ஆம், விட்டிருக்கமாட்டார்! வாரந்தோறும் இரண்டு குவியலாக எண்ணியவர் அல்லவா? பெண்ணுரிமை பேசும் மகன், சிவலோகத்தை அட்டையிலிருந்து இறக்கிவிட்ட மகன், முதலாளியின் கணக்கையே தானும் போட்டிருந்தான். ஒன்பதோடு நிறுத்திவிட்டான்!

அச்சகத்துக்குத் திரும்பி ஓடினேன். ஐம்பது அட்டைகள் ஆகியிருந்தன. "பிழை தெரிஞ்ச பிறகு மெஷினை ஓட்டாதே" என்பது அப்பாவின் வாக்கு, நிறுத்தச் சொன்னேன். ஒரு வரி சேர்ந்தது: "அவருடன் 35 ஆண்டுகள் பாரம் மடித்தவர், அவர் துணைவியார்." அதன்கீழ் அம்மாவின் பெயர். வாழ்நாளில் அச்சில் ஏறிய அவர் பெயர் அது ஒன்றே.

* * *

ஆண்டுகள் பல ஓடிவிட்டன. அம்மாவும் இன்றில்லை. அந்த அச்சகத்தின் எழுத்துகள் எல்லாம் எடைக்குப் போயின. என் வயதோ அப்பாவின் வயதைக் கடந்து பத்தாண்டுக்கு மேலாகிறது. சாவுச் செய்தி இன்று கைப்பேசியில் வருகிறது. வண்ணப் படத்தோடு வருகிறது. ஆயினும், அன்று சணல் நூலால் கட்டிவைத்த அதே மூன்று கட்டுகள்தாம் கணினிக்குள்ளும் கட்டவிழாமல் கிடக்கின்றன. போன இடம் இருக்கிறது. செய்த வேலை இல்லை.

தோழனே! உன் வீட்டிலும் ஒருநாள் அந்தச் சீட்டை நீ எழுத வேண்டிவரும். எழுதுமுன் கேள், அவர் என்ன வேலை செய்தார் என்று. விடையை எழுதியபின் தாளை மடித்துவிடாதே. இன்னொரு முறை எண்ணிப்பார். ஒன்பதோடு நின்றிருந்தால், திண்ணைப் பக்கம் திரும்பு.

பிழையோடு அச்சான அந்த ஐம்பதில் ஒன்றை நான் எரிக்காமல் வைத்திருக்கிறேன். என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. எழுத உட்காரும்போதெல்லாம், முதலில் அதைத்தான் படிக்கிறேன்.